வாயில் நேர்தலும் வாயில் மறுத்தலும்: இணைப்பின் முதற்சொல் வரலாறு

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உயர்ந்து நிற்பது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் அம்மலைப் பகுதியை அளந்து வந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரே அதற்கு நிலைத்தது. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வழியாக வடக்கே கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் அமைந்த சிற்றூர் திரிங்காப். காய்கறித் தோட்டங்களும் அவற்றுக்கு அப்பால் தேயிலை மலைகளும் சூழ்ந்த ஊர் அது. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, இம்மலைகளில் கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகள் எண்ணிறந்தவை.

அக்கைகளுக்கு ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. கடிதத்தின் மேலுறையில் தோட்டத்தின் பெயரும் அஞ்சல் நிலையத்தின் பெயரும் இருக்கும். அது தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரும். கிராணியின் கைக்கு மாறும். பின்னர் லயத்துக்குப் போகும். அதனோடு அதன் பயணம் முடிந்துவிடுவதில்லை. பெறுபவருக்கு எழுத்தறிவு இல்லையெனின், படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். மறுமொழி எழுதவும் ஒருவர் வேண்டும். தோட்டப்புறங்களில் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே அப்பணியைச் செய்தார். குடும்பத்துக் கடனையும் பிணியையும் பெண்கொடுக்கும் செய்தியையும் அவரே முதலில் அறிந்தார். ஆகவே, எவரிடம் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது என்பது சிறிய முடிவன்று. நம்பத்தக்கவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடிதத்துக்கு உரியவரிடமே இருந்தது.

இன்று அதே மலைப்பகுதியில் பிள்ளைகளின் கைப்பேசிக்குப் பாடம் இணைப்பாக வருகின்றது. ஆசிரியர் ஒரு வரியை அனுப்புகின்றார். மாணவர் அதன்மேல் விரலை வைக்கின்றார். ஏதோ ஒன்று திறக்கின்றது. எது திறக்கின்றது? அதைத் திறப்பது யார்? அவருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்? இவ்வினாக்களுக்கு விடை தேடின், அது இணைய முகவரியின் முதற்சொல்லில் போய் முடியும். அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறும் ஆகும்.

முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள சொல்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு முன்மொழிவை எழுதினார். வெவ்வேறு கணினிகளில் சிதறிக் கிடக்கும் ஏடுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் முதல் உலாவியும் முதல் இணையத்தளமும் இயங்கத் தொடங்கின.

இணைப்புக்கு முகவரி வேண்டும். அம்முகவரியை அவர் ஒழுங்கான உறுப்புகளாக அமைத்தார். முதலில் ஒரு சிறு சொல், அதையடுத்து முக்காற்புள்ளி, அதன்பின் இரு சாய்கோடுகள், பின்னர் தளத்தின் பெயர், இறுதியில் ஏட்டின் பெயர். அச்சாய்கோடுகள் இரண்டும் உண்மையில் தேவையற்றவை என்று 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அவரே ஒப்புக்கொண்டார். முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள சொல்லோ அத்தகையதன்று. அது இல்லாமல் முகவரி பொருள் தராது. இலக்கணத்தார் மொழியில் அதனை முன்னொட்டு எனலாம். பின்வருவதை எந்த நெறிமுறையின்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதுவே அறிவிக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். அஞ்சலுறையின் மேல் 'வான்வழி' என்றோ 'பதிவஞ்சல்' என்றோ எழுதியிருப்பின், அஞ்சல் நிலைய ஊழியர் அதைத் தனித்தனிப் பையில் இடுவார். அவர் கடிதத்தின் உள்ளே பார்ப்பதில்லை. மேலுறைச் சொல்லைப் பார்த்தே வழியை முடிவு செய்கின்றார். முன்னொட்டின் பணியும் அதுவே. 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கின், உலாவி தானே போய் ஏட்டைக் கொண்டுவரும். 'மெயில்டு' என்று தொடங்கின், அது மின்னஞ்சல் எழுதும் பணி. உலாவி அதை மற்றொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். 'டெல்' என்று தொடங்கின், அது தொலைபேசி எண். இவ்வாறு ஒப்படைக்கப்பெறும் பணியை ஏற்றுச் செய்யும் நிரலுக்கோ தளத்துக்கோ 'கையாளி' என்று பெயர்.

1994ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்னர்ஸ்-லீயும் லாரி மசின்டரும் மார்க் மக்காகிலும் இம்முகவரி முறையை ஓர் ஆவணமாக வெளியிட்டனர். அதில் பத்து முன்னொட்டுகள் இடம்பெற்றன. அவற்றுள் 'கோஃபர்', 'வெயிஸ்', 'பிராஸ்பெரோ' ஆகியவை இன்று ஏறக்குறைய வழக்கொழிந்த சொற்களாகிவிட்டன. நெடுங்காலம் நின்ற 'எஃப்.டி.பி.'யையும் 2021ஆம் ஆண்டில் ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் கைவிட்டன. மொழியில் சொற்கள் பிறப்பதும் இறப்பதும் போலவே இங்கும் நிகழ்ந்திருக்கின்றது. 'மெயில்டு' ஒன்று மட்டும், தான் ஒப்படைக்கும் வீடு மாறிய பின்னும், பெயர் மாறாமல் வாழ்கின்றது. கையாளியின் வரலாற்றுக்கு அதுவே திறவுகோல்.

கடிதம் குடிபெயர்ந்த காலம்

தொடக்கக் காலத்தில் மின்னஞ்சல் என்பது கணினிக்குள் நிறுவப்பட்ட ஒரு நிரலின் பணியாக இருந்தது. ஆகவே 'மெயில்டு' இணைப்பைச் சொடுக்கினால், உலாவி கணினியின் இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளம் தன் பதிவேட்டைப் பார்த்து, அஞ்சல் நிரலைத் திறந்துவிடும். அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

1996ஆம் ஆண்டு ஜூலையில், இந்தியரான சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜேக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினர். கடிதங்கள் இனிக் கணினிக்குள் இரா, இணையத்தளத்திலேயே இருக்கும், எந்த ஊரின் எந்தக் கணினியிலிருந்தும் அவற்றைப் படிக்கலாம். சொந்தக் கணினி இல்லாதவருக்கும் இதனால் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் வந்தது.

கடிதம் குடிபெயர்ந்துவிட்டது. 'மெயில்டு' இணைப்போ பழைய வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. மக்கள் இணைப்பைச் சொடுக்குவர். அவர்கள் என்றும் பயன்படுத்தாத ஓர் அஞ்சல் நிரல் விழித்தெழுந்து, கணக்கின் பெயரென்ன, வழங்கியின் பெயரென்ன என்று கேட்கும். ஒன்றும் விளங்காமல் அதை மூடிவிடுவர். முகவரியைக் கையால் எழுதிக்கொள்வர். இன்றும் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் இக்காட்சியைக் காணலாம்.

இதற்குத் தீர்வு என்ன? கணினியில் நிறுவப்பட்ட நிரல் மட்டுமே கையாளியாக இருக்கலாம் என்னும் பழைய எல்லையைத் தளர்த்தி, ஓர் இணையத்தளமும் கையாளியாகலாம் என்று விதி செய்வதே தீர்வாகும். 2004ஆம் ஆண்டில் உலாவி செய்வோர் சிலர் கூடி உருவாக்கிய வாட்விக் என்னும் குழு, எச்.டி.எம்.எல். மொழியின் அடுத்த நிலைக்கான வரைவில் இவ்விதியைச் சேர்த்தது. 2008ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மொசில்லா வெளியிட்ட ஃபயர்பாக்ஸின் மூன்றாம் பதிப்பில் அது செயலுக்கு வந்தது. அந்தப் பதிப்பை ஒரே நாளில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை மக்கள் பதிவிறக்கினர். அது கின்னஸ் சாதனையாயிற்று. அதில் இருந்த இச்சிறு வசதியை அறிந்தவர் அவர்களுள் எத்தனை பேரோ! 2011ஆம் ஆண்டில் குரோம், ஓபரா ஆகிய உலாவிகளும் இவ்வழியை ஏற்றன.

பண்டை மரபில் ஒரு சொல்

இவ்விதியின் உட்பொருளை விளக்கத் தமிழ் மரபிலேயே ஒரு சொல் இருக்கின்றது. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே செய்தி கொண்டு செல்வோரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்று குறிக்கின்றது. தோழி, பாங்கன், பாணன், விறலி, விருந்தினர் எனப் பன்னிருவர் அப்பட்டியலில் உளர். பரத்தையிற் பிரிந்த தலைவன் பாணனை வாயிலாக விடுப்பான். அப்பாணனை உள்ளே விடுவதா, புறத்தே நிறுத்துவதா என்று முடிவு செய்பவள் தலைவி. அவள் சார்பில் தோழி. உள்ளே விடுவதற்கு 'வாயில் நேர்தல்' என்றும், விலக்குவதற்கு 'வாயில் மறுத்தல்' என்றும் துறைப்பெயர்கள் உண்டு. மருதத்திணைச் செய்யுள்களைப் பயிற்றும் ஆசிரியர் எவரும் இவற்றை அறிவர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. தூது வருபவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், வாயிலைத் திறக்கும் உரிமை அவனுக்கு இல்லை. அவனை அனுப்பியவனுக்கும் இல்லை. இல்லத்துக்கு உரியவளுக்கே உண்டு.

கையாளி பற்றிய விதியும் அவ்வாறே அமைந்தது. ஓர் இணையத்தளம் கையாளியாக விரும்பின், தன் ஏட்டிலுள்ள நிரல்வரி ஒன்றினால் உலாவியிடம் விண்ணப்பிக்கும். விண்ணப்பத்தில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, எந்த முன்னொட்டை ஏற்க விரும்புகின்றது என்பது. மற்றொன்று, சொடுக்கப்பட்ட இணைப்பைத் தன் தளத்தின் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது. அம்முகவரியினுள் விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எஸ் எழுத்தும் சேர்ந்த ஓர் அடையாளம் இருக்கும். சொடுக்கப்பட்ட இணைப்பு முழுவதையும் அந்த இடத்தில் இட்டு நிரப்பிக்கொண்டு உலாவி செல்லும். படிவத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவதைப் போன்றதே இது.

விண்ணப்பம் வந்தவுடன் உலாவி அதை ஏற்றுக்கொள்வதில்லை. 'இத்தளம் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்க விரும்புகின்றது, அனுமதிக்கலாமா?' என்று பயனரைக் கேட்கும். பயனர் நேர்ந்தால் அது கையாளியாகும்; மறுத்தால் இல்லை. இதற்கு மேலும் சில காவல்கள் உள்ளன. ஒரு தளம் தன் முகவரியை மட்டுமே கையாளியாகக் காட்டலாம். பிறர் தளத்தைக் காட்ட இயலாது. தளம் மறைகுறியிட்ட பாதுகாப்பான வழியில் இயங்க வேண்டும். 'எச்.டி.டி.பி.' போன்ற உலாவியின் அடிப்படை முன்னொட்டுகளை எவரும் கைப்பற்ற முடியாது. மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி, நிலவரைபடம் முதலியவற்றுக்கான குறிப்பிட்ட முன்னொட்டுகளே ஏற்கப்படும். புதிதாக ஒன்றைப் படைக்க விரும்புவோர், 'வெப்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் கூட்டல் குறியையும் முதலில் இட்டு, அதன்பின் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்பெயரிலும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் மட்டுமே வரலாம்.

வாயில் காவாமையால் விளைந்தவை

இத்துணைக் காவல் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வரலாறு மூன்று விடைகளைத் தருகின்றது.

முதலாவது 2007ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியை நிறுவும்போது, அது விண்டோஸ் இயங்குதளத்தில் தனக்கென ஒரு முன்னொட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் ஒருவர் தீயதொரு தளத்தைப் பார்வையிட்டால், அத்தளம் அந்த முன்னொட்டின் வழியாக ஃபயர்பாக்ஸை எழுப்பி, அதனிடம் தீய கட்டளைகளைக் கொடுக்க முடிந்தது. குறை யாருடையது என்பதில் வழக்கு எழுந்தது. அனுப்பியவர் சோதித்திருக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. பெற்றவர் சோதித்திருக்க வேண்டும் என்றது மறுதரப்பு. மொசில்லா தன் உலாவியைத் திருத்தி வெளியிட்டது. சில நாட்களில், ஃபயர்பாக்ஸும் பிற நிரல்களுக்கு அதே முறையில் சோதிக்காமல் அனுப்புவதை அறிந்து, அதையும் ஒப்புக்கொண்டு திருத்தியது. இரு வாயிற்காவலர், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால் வீடு திறந்து கிடக்கும் என்பதே அதன் படிப்பினை.

இரண்டாவது 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிப்பட்டது. ரவி போர்காவ்ங்கர் என்னும் இந்திய ஆய்வாளர், அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் அதனைச் செய்து காட்டினார். தொலைபேசி எண்ணுக்கான 'டெல்' முன்னொட்டின் பின், எண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசியை முற்றும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் மறைக்குறியீட்டை ஒரு தளம் வைத்திருந்தது. சாம்சங் நிறுவனத்தின் சில கைப்பேசிகள் அதைப் பயனரிடம் கேளாமலே சுழற்றிவிட்டன. தளத்தைத் திறந்த அளவிலேயே படங்களும் எண்களும் செய்திகளும் அழிந்தன. பின்னர் நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. எண்ணைக் காட்டிவிட்டு, அழைக்கலாமா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அழிவு நேர்ந்திராது.

மூன்றாவது 2019ஆம் ஆண்டு ஜூலையில் தெரியவந்தது. காணொளிக் கூட்டங்களுக்குப் பெயர்பெற்ற சூம் நிறுவனத்தின் இணைப்பைச் சொடுக்கும்போது, ஆப்பிள் கணினிகளின் சஃபாரி உலாவி 'திறக்கலாமா?' என்று ஒருமுறை கேட்கும். அந்த ஒரு சொடுக்கைத் தவிர்ப்பதற்காக, அந்நிறுவனம் பயனரின் கணினியில் ஒரு சிறு வழங்கியை மறைவாக இயக்கிவந்தது. நிரலை நீக்கிய பின்னும் அது நீங்காமல் இருந்தது. தீயவர் ஒருவர் அதைப் பயன்படுத்தி, பயனர் அறியாமலே அவரைக் கூட்டத்தில் சேர்த்து, ஒளிப்படக் கருவியையும் இயக்க இயலும் என்று ஜோனதன் லைட்ஷூ என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். நிறுவனம் அதை நீக்க முன்வந்தது. ஆப்பிள் நிறுவனமும் அதை அகற்றும் திருத்தத்தை அனுப்பியது. ஒரு சொடுக்கு மிச்சமாகும் என்பதற்காக வாயில் மறுக்கும் உரிமையே பறிக்கப்பட்டிருந்தது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் நிரல் எழுதியோர் அறிவிற் குறைந்தவரல்லர். 'எளிதாக இருக்கட்டும்' என்றே எண்ணினர். எளிமையின் பெயரால் கேட்காமல் விடப்பட்ட கேள்வியே ஊறு விளைவித்தது.

முகவரியில் தமிழின் நடை

இனி, இம்முகவரியில் தமிழ் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றது என்பதையும் காணல் வேண்டும்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழை எழுதும் முரசு மென்பொருளைப் படைக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்சிக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1995ஆம் ஆண்டில் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயோடு இணைந்து உழைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணைய ஏடு வெளியிடப்பெற்றது. அதில் தமிழும் எழுத்துருவோடு இடம்பெற்றது. கவிதையே தமிழை இணையத்துக்குள் அழைத்துச் சென்றது என்பது எழுத்தாளர்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 1999ஆம் ஆண்டில் சென்னையிலும், 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் தமிழிணைய மாநாடுகள் நிகழ்ந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்க வேண்டியிருந்த நிலை, ஒருங்குறியின் பரவலால் மெல்ல மெல்ல மறைந்தது.

ஏடு தமிழாயிற்று, முகவரி மட்டும் ஆங்கிலமாகவே நின்றது. அதனையும் மாற்ற முயன்றவருள் அதே டான் டின் வீ முதன்மையானவர். 1998ஆம் ஆண்டில் அவர் தலைமையிலான சிங்கப்பூர்க் குழு பன்மொழித் தளப்பெயர்களை இயக்கிக் காட்டியது. 2003ஆம் ஆண்டில் அதற்கான பொது நெறிகள் வெளிவந்தன. தமிழில் எழுதிய பெயரை உலாவி ஆங்கில எழுத்துகளாலான ஒரு மறைவடிவமாக மாற்றி அனுப்பும். பயனர் கண்ணுக்கோ தமிழே தெரியும்.

2007ஆம் ஆண்டு அக்டோபரில், இணையப் பெயர்களை நிருவகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு வரிவடிவ, மொழி வகைகளில் சோதனைப் பெயர்களை நிறுவியது. அவற்றுள் தமிழும் ஒன்று. 'உதாரணம்.பரிட்சை' என்பது அச்சோதனைத் தளத்தின் பெயர். 'பரீட்சை' என்று நெடிலிட்டு எழுதுவதே வழக்கு என்று ஆசிரியர்கள் திருத்தக்கூடும். ஆயினும் இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறிய முதல் தமிழ்ச்சொல் என்னும் சிறப்பு அதற்குண்டு. அதன்பின் 2010ஆம் ஆண்டில் 'இலங்கை' என்னும் பெயரும், 2011ஆம் ஆண்டில் 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்னும் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே நாட்டு முகவரிகளாயின.

இவ்வாறு முகவரியின் நடுவும் இறுதியும் தமிழாகிவிட்டன. முதற்சொல் மட்டும் ஆகவில்லை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் புதுப்பிக்கப்பெற்ற முகவரி நெறி, முன்னொட்டு ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும் என்றும், அதில் ஆங்கில எழுத்துகள், எண்கள், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி ஆகியவை மட்டுமே வரலாம் என்றும் வரையறுக்கின்றது. 'தமிழ்' என்று எழுதி முக்காற்புள்ளி இட்டு ஒரு முன்னொட்டைப் படைக்க இன்றுவரை வழியில்லை. முன்னொட்டு என்பது மனிதர் படிப்பதற்கான சொல்லாக அன்றி, நிரல்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் குறியாகக் கருதப்பெறுவதே இதற்குக் காரணம்.

இதனால் தமிழுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதாக வருந்துவோர் ஒன்றை எண்ணிப்பார்த்தல் நலம். முன்னொட்டு எந்த எழுத்தில் இருப்பினும், அதை எவர் கையாள வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்கின்றார். ஆங்கில எழுத்திலான முன்னொட்டைத் தமிழ்த் தளம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். காட்டாக, ஒரு தமிழ் அகராதித் தளம் 'வெப்' என்பதன்பின் தன் பெயரைச் சேர்த்து ஒரு முன்னொட்டைப் பதிந்துகொண்டால், பாடக்குறிப்புகளிலுள்ள அருஞ்சொற்களுக்கு அம்முன்னொட்டோடு இணைப்பு கொடுக்கலாம். மாணவர் சொடுக்கியவுடன் அவர் தேர்ந்த அகராதி திறக்கும். எழுத்து அயலதாயினும் வாயில் தமிழதாகலாம்.

பள்ளியிற் செய்யத்தக்கன

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடின; பாடங்கள் இல்லங்களுக்கு இணைப்புகளாகச் சென்றன. அவ்வாண்டு ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் அறிமுகமாயிற்று. ஆசிரியரும் மாணவரும் அதன் கணக்குகள் வழியாகக் கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்களின் வசதிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். மலைத்தோட்டப் பிள்ளைகளுக்கு அலைக்கற்றை கிடைப்பதே ஒரு சோதனை. கிடைத்த பின்னும், சொடுக்கிய இணைப்பு வேறெதையோ திறந்தால், அப்பிள்ளை தன் அறியாமையே காரணம் என்று எண்ணிவிடும். உண்மையில் வாயில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது என்பதை எவரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தருதல் அரிதன்று. கணினியில் வாயில்கள் இரண்டு நிலையில் உள்ளன. ஒன்று இயங்குதளத்தின் வாயில். சொற்செயலி முதலிய பிற நிரல்களில் மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கினால் அதுவே முடிவு செய்யும். விண்டோஸ் கணினியின் அமைப்புகளில், இயல்பிருப்புச் செயலிகள் என்னும் பகுதியில் அதை மாற்றலாம். மற்றொன்று உலாவியின் வாயில். ஃபயர்பாக்ஸில் அமைப்புகளின் பொதுப் பகுதியில் செயலிகளின் பட்டியல் இருக்கும். அதில் 'மெயில்டு' என்பதற்கு எதிரே விரும்பிய தளத்தைத் தேரலாம். குரோமில் ஜிமெயில் தளத்தைத் திறந்திருக்கும்போது, முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு சாய்சதுரங்கள் தோன்றலாம். அவற்றைச் சொடுக்கி ஒப்புதல் தரலாம். முன்னர் தந்த ஒப்புதலை நீக்க விரும்பின், தனியுரிமைப் பகுதியிலுள்ள தள அமைப்புகளுள் நெறிமுறைக் கையாளிகள் என்னும் தலைப்பின்கீழ் அதனைக் காணலாம். பள்ளியின் பொதுக்கணினியில் ஒருவர் நேர்ந்த வாயில், அடுத்து அமர்பவருக்கும் திறந்தே இருக்கக்கூடும்; ஆதலால் அங்கு மறுத்தலே முறை.

மாணவருக்கு மூன்று பழக்கங்கள் போதுமானவை. சொடுக்குமுன் இணைப்பின் முதற்சொல்லைப் பார்த்தல் ஒன்று. உலாவி கேள்வி கேட்கும்போது, படியாமல் ஒப்புதல் தராதிருத்தல் மற்றொன்று. தந்த ஒப்புதல்களை அவ்வப்போது மீளப் பார்வையிடுதல் பிறிதொன்று. இவற்றைக் கணினிப் பாடத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்பதில்லை. மருதத்திணைச் செய்யுளில் பாணனைத் தோழி வாயில் மறுக்கும் இடத்தைப் பயிற்றும் தமிழாசிரியரே இதனைத் தொட்டுக் காட்டலாம். பழைய துறைக்குப் புதிய விளக்கம் கிடைக்கும். புதிய கருவிக்குப் பழைய அறிவு துணையாகும்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எழுத்தறியாத முதியவர் ஒருவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று ஒருகணம் எண்ணிய பின்னரே எழுந்து நடந்திருப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வாயில் தெரியும். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு எழுத்து நன்றாகத் தெரியும். அந்த ஒருகண எண்ணத்தையும் அவர்களுக்கு மீட்டுத் தருதல் ஆசிரியர் கடனாகும்.